எழுபது வருஷத்துக்கான விசுவாசத்தை எங்களுக்குக் கற்றுக்கொடுங்கள்

கிறிஸ்துவுக்குள் பிரியமான போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும்,

இயேசு கிறிஸ்துவின் இனிய நாமத்தில் ஸ்தோத்திரம்.

நான் பிரசங்க பீடத்தில் நிற்கிறவள் இல்லை, கீழே உட்கார்ந்து கேட்கிறவள். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், வீட்டு ஜெபக் கூட்டங்களில் சகோதரிகளோடு முழங்காலில் நிற்கிறேன். எந்த ஒரு சபைப் பிரிவையும் மனதில் வைத்து இதை எழுதவில்லை. பாட்டுப் புத்தகத்தோடு ஆராதிக்கிற சபையிலும் இந்தக் குறையைப் பார்த்திருக்கிறேன், கைதட்டி ஆராதிக்கிற சபையிலும் பார்த்திருக்கிறேன். நீங்கள் எங்கள் ஆத்துமாக்களுக்காக உத்தரவாதம் பண்ணுகிறவர்களாய் விழித்திருக்கிறீர்கள் என்று எபிரெயருக்கு எழுதின நிருபம் சொல்லுகிறது. அந்த உரிமையில்தான் உங்களிடம் மனம் திறக்கிறேன்.

சபைக்கு வருவதை நிறுத்திவிட்டவர்களைப் பற்றிப் பேசும்போது உலக ஆசை, பின்மாற்றம், தவறான நட்பு என்று காரணம் சொல்லுகிறோம். அப்படிப் போனவர்களும் உண்டு. ஆனால் சத்தமில்லாமல் நின்றுபோனவர்களில் பலர் உலகத்தைத் தேடிப் போனவர்களாக எனக்குத் தெரியவில்லை. ஒரு காலத்தில் முன்வரிசையில் நின்று பாடினவர்கள் அவர்கள். உபவாச ஜெபத்துக்கு முதல் ஆளாக வந்தவர்கள். ஒரு வியாதி வந்தது, அல்லது வேலை போனது, அல்லது குழந்தைக்காகக் காத்திருந்த வருஷங்கள் வெறுமையாய் முடிந்தன. முதலில் வாரநாள் கூட்டத்துக்கு வருவது நின்றது, பிறகு ஞாயிறும் நின்றது. அவர்களைத் தள்ளினது அந்தத் துன்பம் மட்டுமே என்று என்னால் நினைக்க முடியவில்லை. துன்பத்தைப் பற்றி நாம் அவர்களுக்கு முன்கூட்டியே கற்றுக்கொடுத்து வைத்திருந்ததும் சேர்ந்துதான் தள்ளியது.

ஒரு சகோதரியின் கணவர் பல மாதங்கள் படுக்கையில் கிடந்து இறந்துபோனார். கடைசி நாட்களில் ஜெபிக்க வந்தவர்கள் எல்லாரும் அந்தச் சகோதரிக்கு ஒரே புத்திமதி சொன்னார்கள்: “சுகமாயிற்று என்று வாயினால் அறிக்கையிடுங்கள். எதிர்மறையாக ஒரு வார்த்தைகூட வரக்கூடாது.” அவரும் கீழ்ப்படிந்தார். மருத்துவர்கள் கைவிரித்த பிறகும் கீழ்ப்படிந்தார். ஒரு ராத்திரி கணவர், “நான் போயிட்டா பிள்ளைங்கள எப்படிப் பார்த்துக்குவ?” என்று கேட்டிருக்கிறார். “அப்படிப் பேசாதீங்க, அது அவிசுவாசம்” என்று இவர் அவர் வாயைக் கையால் பொத்திவிட்டார். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அடக்கம் முடிந்து துக்கம் விசாரிக்க வந்தவர்களில் ஒருவர், “வீட்டுல ஏதாவது அறிக்கையிடாத பாவம் இருந்திருக்குமோ?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

“எனக்குக் கர்த்தர்மேல கோபம் இல்லக்கா” என்று அந்தச் சகோதரி என்னிடம் சொன்னார். “அவர்கிட்ட என்ன சொல்லிப் பேசுறதுன்னுதான் தெரியல. ஸ்தோத்திரம் சொல்ல வாய் வரல. வேற வார்த்தை எனக்கு யாரும் சொல்லித்தரல.”

வேறு வார்த்தை அவருக்கு ஏன் கிடைக்காமல் போனது என்று யோசித்ததில்தான் இந்த மடல் பிறந்தது.

நாம் அதிகமாக எடுத்துச் சொல்லுகிற வாக்குத்தத்தங்களில் ஒன்று எரேமியா 29:11. “நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்” என்கிற அந்த வசனம் எனக்கும் மிகவும் பிரியமானது. தேர்வு எழுதப்போகிற பிள்ளைக்கும், வீடு கட்டப்போகிற குடும்பத்துக்கும் அதைச் சொல்லி ஜெபிக்கிறோம். அது யாருக்கு, எந்த நிலையில் எழுதப்பட்டது என்பதைப் பீடத்திலிருந்து கேட்பதுதான் அபூர்வமாக இருக்கிறது.

கி.மு. 597இல் யூதாவின் ராஜாவாகிய எகொனியாவையும், பிரபுக்களையும், தச்சரையும், கொல்லரையும் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் தன் தேசத்துக்குச் சிறைபிடித்துக்கொண்டு போனான். போனவர்களுக்கும் எருசலேமில் மீந்திருந்தவர்களுக்கும் ஒரே கேள்விதான்: எப்போது திரும்புவார்கள்? கிபியோன் ஊரானாகிய அனனியா என்ற தீர்க்கதரிசி அதற்குப் பதில் சொன்னான். கர்த்தருடைய ஆலயத்தில், ஆசாரியரும் ஜனங்களும் பார்த்துக்கொண்டிருக்க, 2 வருஷ காலத்திலே எல்லாம் திரும்பிவரும் என்றான். ஆலயத்தின் பணிமுட்டுகள் வரும், ராஜா வருவான், சிறைப்பட்டுப் போனவர்கள் எல்லாரும் வருவார்கள். பாபிலோனுக்குக் கீழ்ப்பட்டிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா தீர்க்கதரிசி கழுத்தில் போட்டிருந்த நுகத்தை எடுத்து, எல்லாருக்கும் முன்பாக முறித்துப்போட்டான். அங்கே நின்றவர்களின் மனதை நினைத்துப் பாருங்கள். கர்த்தர் சொல்லுகிறார் என்று சொல்லி, காலக்கெடுவோடு வந்த வாக்கு. கண்ணெதிரே முறிந்துகிடக்கிற நுகம். மகனைப் பாபிலோனுக்கு அனுப்பிவிட்டு அழுதுகொண்டிருந்த தாய் அன்றைக்கு எத்தனை நம்பிக்கையோடு வீட்டுக்குப் போயிருப்பாள்!

எரேமியாவும் அதைக் கேட்டு, “ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக” என்றார். அவருக்கும் ஜனங்கள் திரும்ப வேண்டும் என்ற ஏக்கம்தான். நுகம் முறிக்கப்பட்ட பிறகும் அவர் வாக்குவாதம் செய்யவில்லை, தன் வழியே போய்விட்டார். கர்த்தருடைய வார்த்தை வந்த பின்புதான் திரும்பி வந்து, மரநுகத்தை முறித்தாய், அதற்குப் பதிலாக இருப்பு நுகத்தை உண்டுபண்ணினாய் என்றும், இந்த ஜனத்தைப் பொய்யை நம்பும்படி செய்தாய் என்றும் அனனியாவிடம் சொன்னார். நல்லது நடக்க வேண்டும் என்ற தன் ஆசையைக் கர்த்தருடைய வார்த்தையோடு குழப்பிக்கொள்ளாமல் இருந்த அந்த நிதானம்தான், ஐயா, உங்களிடத்தில் நாங்கள் காண ஏங்குகிற காரியம்.

பாபிலோனில் இருந்தவர்களுக்கு எரேமியா ஒரு நிருபம் எழுதி அனுப்பினார். நமக்குப் பிரியமான வசனம் இருப்பது அந்த நிருபத்தில்தான். அதற்கு ஒரு வசனம் முன்னால், பாபிலோனில் 70 வருஷம் நிறைவேறின பின்பு என்று இருக்கிறது. 30 வயதில் சிறைப்பட்டுப் போன ஒரு தச்சன் 70 வருஷம் முடிவதைப் பார்க்க உயிரோடிருப்பானா? அந்த வாக்குத்தத்தத்தை முதன்முதல் காதால் கேட்ட பெரியவர்கள் தங்கள் வாழ்நாளில் எருசலேமை மறுபடியும் பார்க்கப்போவதில்லை. அது தெரிந்துதான் கர்த்தர் அதை அவர்களுக்குச் சொன்னார்.

அவர்களுக்கு அதில் என்ன இருந்தது என்று கேட்டால், அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் பதில் இருக்கிறது. வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள். தோட்டங்களை நாட்டி அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள். விவாகம் பண்ணுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள், அங்கே குறுகிப்போகாமல் பெருகுங்கள். உங்களைச் சிறைப்பட்டுப்போகப்பண்ணின அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காகக் கர்த்தரை நோக்கி விண்ணப்பம் பண்ணுங்கள். சிறையிருப்பு முடிந்த பிறகு வரப்போகிற செழிப்பைப் பற்றி மட்டும் அவர் பேசவில்லை. சிறையிருப்பு நடந்துகொண்டிருக்கும்போதே, நினைத்தது கைகூடாத இடத்திலேயே, நடவும் அறுவடையும் கலியாணமும் ஜெபமும் உள்ள ஒரு வாழ்க்கையை அவர்களுக்குக் கொடுத்தார்.

இந்த நிருபம் பாபிலோனில் எல்லாருக்கும் பிடிக்கவில்லை. செமாயா என்று ஒருவன் அங்கிருந்து எருசலேமின் ஆசாரியனுக்குப் பதில் கடிதம் எழுதினான். சிறையிருப்பு நெடுங்காலம் இருக்கும், வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள் என்று எழுதுகிற இந்த எரேமியாவை நீ ஏன் கடிந்துகொள்ளவில்லை என்பது அவன் புகார். நெடுங்காலம் என்கிற வார்த்தையைச் சகிக்க முடியாத கூட்டம் அப்போதும் இருந்தது. அந்த வார்த்தையைப் பீடத்திலிருந்து சொன்னால் கூட்டம் குறையும் என்ற பயம் உங்களுக்கு இருந்தால், அது நியாயமான பயம்தான் என்று ஒத்துக்கொள்கிறேன். அப்படியிருந்தும் சொல்லும்படி கேட்கிறேன். 2 வருஷத்துக்கான விசுவாசத்தை மட்டும் கொடுத்து எங்களை அனுப்பினால், மூன்றாம் வருஷம் எங்களிடம் ஒன்றும் இருக்காது.

விதைக்கிறவனைப் பற்றின உவமையில் கர்த்தராகிய இயேசு இதே ஆபத்தைக் காட்டினார். கற்பாறை நிலத்தில் விழுந்த விதை சீக்கிரமாய் முளைத்தது. மண் ஆழமாயிராததே அந்த வேகத்துக்குக் காரணம். அப்படிப்பட்டவன் வசனத்தை உடனே, சந்தோஷத்தோடு ஏற்றுக்கொள்ளுகிறான் என்று அவரே விளக்குகிறார். ஒரு கூட்டத்தில் எத்தனை பேர் கையுயர்த்தினார்கள், எத்தனை பேர் கண்ணீர்விட்டார்கள் என்பதை வைத்து வேர் பிடித்திருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. உபத்திரவம் வரும்போதுதான் அது தெரியும். வேருள்ள செடியின்மேலும் வெயில் அடிக்கிறது. கன்மலையின்மேல் கட்டப்பட்ட வீட்டின்மேலும் பெருவெள்ளம் மோதுகிறது. விசுவாசிக்கு வெயிலே இல்லை என்று போதித்துவிட்டால், வெயில் அடிக்கிற அன்றைக்குத் தன் விசுவாசமே பொய் என்ற முடிவுக்குத்தான் அவன் வருவான்.

பவுல் அப்படிப் போதிக்கவில்லை. லீஸ்திராவில் அவரைக் கல்லெறிந்து, செத்துப்போனான் என்று எண்ணிப் பட்டணத்துக்கு வெளியே இழுத்துப்போட்டார்கள். மறுநாள் தெர்பைக்குப் போய், அங்கே சுவிசேஷம் அறிவித்துவிட்டு, அதே லீஸ்திராவுக்குத் திரும்பி வந்தார். காயத்தின் தழும்புகூட ஆறியிருக்காது. புதிதாய் விசுவாசத்துக்குள் வந்தவர்களிடம், நாம் அநேக உபத்திரவங்களின் வழியாய்த் தேவனுடைய ராஜ்யத்தில் பிரவேசிக்க வேண்டும் என்று சொன்னார். “சீஷருடைய மனதைத் திடப்படுத்தி” என்று லூக்கா இதைக் குறித்து எழுதுகிறார். உபத்திரவத்தைப் பற்றி முன்கூட்டியே உண்மையைச் சொல்லுவதே அவர்களைத் திடப்படுத்துகிற வேலையாக இருந்தது. பயமுறுத்திவிடுவோமோ என்று பவுல் தயங்கவில்லை.

சுகமளிக்கும் ஊழியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கர்த்தர் இன்றும் சுகமாக்குகிறார் என்று நான் முழுமனதோடு நம்புகிறேன், அதற்காக ஜெபிக்கிறேன். பவுலின் சரீரத்திலிருந்து உறுமால்களைக் கொண்டுவந்து வியாதிக்காரர்மேல் போட்டபோது வியாதிகள் நீங்கினதாக அப்போஸ்தலர் 19இல் வாசிக்கிறோம். அதே பவுல்தான் தன் கடைசி நிருபத்தில், தன்னோடு பிரயாணம் செய்த துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று எழுதுகிறார். காரணமும் சொல்லவில்லை, துரோப்பீமுவின் விசுவாசத்தைக் குறைகூறவும் இல்லை. எபிரெயர் 11இல் விசுவாசத்தினாலே பட்டயக்கருக்குக்குத் தப்பினவர்கள் இருக்கிறார்கள். மூன்று வசனம் தள்ளி, அதே விசுவாசத்தினாலே பட்டயத்தினால் வெட்டப்பட்டு மரித்தவர்களும் இருக்கிறார்கள். இரண்டு கூட்டமும் ஒரே பட்டியலில், ஒரே நற்சாட்சியோடு நிற்கிறார்கள். நம் சாட்சி நேரத்தில் முதல் கூட்டத்துக்கு மட்டுமே மைக் கிடைக்கிறது. சுகம் பெற்றவர் எழுந்து சாட்சி சொல்லும்போது, இன்னும் சுகம் பெறாமல் பின்வரிசையில் இருக்கிறவரும் விசுவாசத்தில் நிற்கிறவர்தான் என்று நீங்கள் ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் போதும். அது எத்தனை பேரை வீட்டுக்குப் போய் அழாமல் காக்கும் என்பது உங்களுக்குத் தெரியாது.

அந்தச் சகோதரிக்குக் கிடைக்காமல் போன வார்த்தைகள் வேதத்தின் நடுப்பக்கங்களில்தான் இருக்கின்றன. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்” என்று 13ஆம் சங்கீதம் தொடங்குகிறது. 88ஆம் சங்கீதமோ வெளிச்சத்துக்கு வராமலேயே முடிந்துவிடுகிறது. கடைசி வசனத்தில் சிநேகிதனும் தோழனும் தூரமாய் விலக்கப்பட்டு, அறிமுகமானவர்கள் மறைந்துபோய்விட்டார்கள். ஆனாலும் அந்தப் பாட்டின் முதல் வரியில் அவன் கூப்பிடுவது “என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே” என்று. பதில் வராத ராத்திரியிலும் யாரை நோக்கிப் பேச வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. இது ஏதோ ஒருவன் தனியாக எழுதி மூடிவைத்த குறிப்பு என்றுகூட நாம் சொல்லிவிட முடியாது. கோராகின் புத்திரரின் பாட்டு என்றும், இராகத்தலைவனுக்கு ஒப்புவிக்கப்பட்டது என்றும் தலைப்பிலேயே இருக்கிறது. சபையாகக் கூடிப் பாடும்படி கொடுக்கப்பட்ட பாட்டு அது.

நம் ஆராதனையில் அதற்கு இடமில்லை. நாம் பாடுகிற பாடல்களை எடுத்துப் பாருங்கள், வெற்றி, ஆசீர்வாதம், உயர்வு. இவை தவறில்லை. ஆனால் முந்தின நாள் பிள்ளையை அடக்கம் செய்துவிட்டு வந்த தகப்பன் அந்த ஆராதனையில் எதைப் பாடுவான்? “என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்” என்று சிலுவையில் நம் கர்த்தர் ஜெபித்தது 22ஆம் சங்கீதத்தின் வார்த்தைகளை. தேவகுமாரனே புலம்பல் சங்கீதத்தை எடுத்து ஜெபித்திருக்கும்போது, அப்படி ஜெபிப்பது அவிசுவாசம் என்று நம் ஜனங்கள் நினைக்கும்படி ஆகிவிட்டது எனக்கு மிகுந்த வேதனையாக இருக்கிறது. நான் அந்தச் சகோதரிக்கு 88ஆம் சங்கீதத்தை வாசித்துக் காட்டினபோது, “இது பைபிள்ல இருக்கா?” என்றுதான் முதலில் கேட்டார். சிறுவயதிலிருந்து சபைக்கு வருகிறவர் அவர். பிறகு அதையே மறுபடி மறுபடி வாசித்தார். பல நாள் வேறு ஜெபம் எதுவும் அவர் செய்யவில்லை.

மனச்சோர்வைப் பற்றியும் நீங்கள் பேச வேண்டும். கர்மேலில் அக்கினி இறங்கினதைக் கண்ட எலியா தீர்க்கதரிசி, யேசபேல் ராணியின் மிரட்டலைக் கேட்டு ஓடி, சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, “போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்” என்றார். கர்த்தர் அங்கே அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தூதன் வந்து தட்டியெழுப்பினபோது தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாம் தரமும் வந்து, “எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்” என்றான். தூக்கமும் ஆகாரமும் கொடுத்து, நாட்கணக்கில் நடக்கவிட்டு, ஓரேபில்தான் கர்த்தர் அவரிடம் கேள்வி கேட்டார். தூக்கம் வராமல், எதிலும் மனம் ஒட்டாமல் வாரக்கணக்கில் தவிக்கிற விசுவாசியிடம், ஜெபத்தில் குறைவாயிருக்கிறாய் என்றோ, இது அசுத்த ஆவியின் கிரியை என்றோ அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். அவரோடு ஜெபியுங்கள், மனநல மருத்துவரிடம் அழைத்துக்கொண்டும் போங்கள். மாத்திரை சாப்பிடுவது விசுவாசத்துக்கு விரோதம் என்று யாராவது சொன்னால், சபைக்கு முன்பாகவே அதைத் திருத்துங்கள். இதில் தாமதித்தால் உயிர்ச்சேதம் நேரலாம்.

வேதத்தை எங்களுக்கு முழுசாகக் கொடுங்கள் என்பது இன்னொரு விண்ணப்பம். எபேசு சபையில் பவுல் 3 வருஷம் இருந்தார், இரவும் பகலும் கண்ணீரோடே புத்திசொன்னார். பிரியும்போது, தேவனுடைய ஆலோசனையில் ஒன்றையும் மறைத்துவைக்காமல் எல்லாவற்றையும் அறிவித்தேன் என்று அவரால் மூப்பர்களிடம் சொல்ல முடிந்தது. நாங்களோ வாரம் ஒரு வசனம், வாரம் ஒரு தலைப்பு என்று துண்டு துண்டாகக் கேட்டு வளருகிறோம். ஒரு சுவிசேஷத்தை முதல் அதிகாரத்திலிருந்து கடைசி அதிகாரம் வரைக்கும் சபையாக வாசித்து முடித்தது எத்தனை சபைகளில் நடந்திருக்கிறது? யோபின் முதல் இரண்டு அதிகாரமும் கடைசி அதிகாரமும் எல்லாருக்கும் தெரியும். நடுவிலிருக்கிற அதிகாரங்களில்தான் யோபு வழக்காடுகிறார், சிநேகிதர்கள் பாவத்தைத் துருவுகிறார்கள். கடைசியில் கர்த்தர் கோபம் கொண்டது யோபின்மேல் அல்ல, தம்மைக் குறித்து நிதானமாய்ப் பேசாத அந்தச் சிநேகிதர்கள்மேல். அந்த நடுப்பகுதியை வாசித்த எவரும் துக்க வீட்டில் போய் அறிக்கையிடாத பாவத்தைப் பற்றிக் கேட்க மாட்டார்.

எங்களை நீங்கள் அறிந்திருக்கவும் வேண்டும். பெரிய சபைகளில் போதகருக்கு ஒவ்வொருவரையும் தெரிந்திருக்க முடியாது, அது எனக்குப் புரிகிறது. 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில், மெதடிஸ்ட் இயக்கத்தை நடத்தின ஜான் வெஸ்லியின் கூட்டத்தார், கட்டடக் கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்று தீர்மானித்து, ஏறக்குறைய 12 பேருக்கு ஒருவர் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டார்கள். வீடு வீடாகப் பென்னி வாங்கப் போனவர்களுக்கு, அந்த வீடுகளுக்குள் என்ன நடக்கிறது, யார் தளர்ந்திருக்கிறார்கள், யார் விழுந்திருக்கிறார்கள் என்பது தெரியவந்தது. கடன் வசூலுக்காகத் தொடங்கின ஏற்பாட்டை வெஸ்லி ஆத்தும விசாரிப்புக்கான ஏற்பாடாக மாற்றினார். மெதடிஸ்ட் இயக்கம் அந்தச் சிறு வகுப்புகளின் மேல்தான் நின்றது. நம்மிடமும் வீட்டுக் கூட்டங்கள் இருக்கின்றன. ஆனால் அங்கேயும் ஞாயிறு ஆராதனையையே சின்ன அளவில் திரும்ப நடத்துகிறோம். பாட்டு, சாட்சி, செய்தி, ஜெபம், கலைந்துபோகிறோம். “இந்த வாரம் உங்கள் ஆத்துமா எப்படி இருக்கிறது?” என்று ஒருவர் கேட்டு, மற்றவர் பொய் சொல்லாமல் பதில் சொல்ல நேரம் விடுவதில்லை. “நாடோறும் ஒருவருக்கொருவர் புத்திசொல்லுங்கள்” என்ற கட்டளை போதகருக்கு மட்டும் கொடுக்கப்பட்டது இல்லையே. எங்களைப் பழக்குங்கள், நாங்கள் செய்வோம்.

இப்போது செழிப்பு. இந்த வார்த்தையைச் சம்பளத்துக்கும் வாகனத்துக்கும் விட்டுக்கொடுத்துவிட நான் ஆயத்தமாக இல்லை. வேதாகமத்தில் அது மிக அழகான வார்த்தை. “நீதிமான் பனையைப்போல் செழித்து, லீபனோனிலுள்ள கேதுருவைப்போல் வளருவான்” என்கிற 92ஆம் சங்கீதம், அந்தச் செழிப்பு எப்படி இருக்கும் என்றும் சொல்லுகிறது: “அவர்கள் முதிர்வயதிலும் கனிதந்து, புஷ்டியும் பசுமையுமாயிருப்பார்கள்.” சங்கீதக்காரன் முதிர்வயதைச் சொல்லுகிறான், கவனியுங்கள். சரீரம் தளர்ந்து, வருமானம் நின்று, கூடவே இருந்தவர்கள் ஒவ்வொருவராய்ப் போய்விட்ட வயதில் கனி. அப்படிப்பட்டவர்கள் நம் சபைகளில் இருக்கிறார்கள். படுத்த படுக்கையில் இருந்துகொண்டு ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதிவைத்து, பரீட்சைக்கு மட்டுமல்லாமல் அவர்கள் மனந்திரும்புதலுக்காகவும் பெயர் பெயராய் ஜெபிக்கிற ஒரு மூதாட்டியை எனக்குத் தெரியும். கண் மங்கிப்போனதால் பேத்தியைக் கொண்டு அந்த நோட்டை வாசிக்கச் சொல்லிக் கேட்டு ஜெபிக்கிறார். பெயரை வாசித்து வாசித்து அந்தப் பேத்தியும் ஜெபிக்கிறவளாகிவிட்டாள். இளைஞர் முகாமுக்குச் சிறப்புப் பேச்சாளரை எங்கிருந்தோ அழைக்கிறீர்கள். இவர்களைப் போன்றவர்களின் பக்கத்தில் எங்கள் பிள்ளைகளை உட்காரவைத்தீர்களானால், வேர் பிடிப்பது என்றால் என்ன என்று அவர்கள் கண்ணால் பார்ப்பார்கள்.

அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடிய பொறுமை என்று கலாத்தியர் 5இல் தொடங்குகிற ஆவியின் கனிகள் எதையும் ஆண்டறிக்கையில் எண்ணிப் போட முடியாது. ஞானஸ்நானம் எத்தனை, புதுக் குடும்பங்கள் எத்தனை, காணிக்கை எவ்வளவு என்பதைப் போடலாம், போடவும் வேண்டும். அதோடு மூப்பர் கூட்டத்தில் இந்த வருஷம் யார் யார் சத்தமில்லாமல் நின்றுபோனார்கள் என்று பெயர் சொல்லி விசாரியுங்கள். தொண்ணூற்றொன்பதை விட்டு ஒன்றைத் தேடிப்போன மேய்ப்பனிடம் கணக்கு இருந்தது. காணாமற்போனது எது என்று கண்டுபிடிக்கவே அவன் எண்ணினான்.

கடைசியாக உங்களைப் பற்றி. எங்களை நிலைத்திருக்கச் சொல்லுகிற நீங்கள் உள்ளுக்குள் எப்படி இருக்கிறீர்கள் என்று நாங்கள் கேட்பதில்லை. 1856 அக்டோபரில் லண்டனில் ஸ்பர்ஜன் என்ற போதகர் பிரசங்கித்துக்கொண்டிருந்த அரங்கத்தில் யாரோ பொய்யாகத் தீ என்று கூவ, நெரிசலில் 7 பேர் இறந்தார்கள். அப்போது அவருக்கு 22 வயது. மனச்சோர்வு அவருடைய ஊழியகாலம் முழுவதும் அவருக்கு அவ்வப்போது வந்துகொண்டிருந்தது. அதை அவர் மறைக்கவில்லை. ஊழியத்துக்கு ஆயத்தமாகிற மாணவர்களுக்கு, போதகனுக்கு வருகிற சோர்வைப் பற்றியே தனியாக ஓர் உரை நிகழ்த்தினார். பவுலும் ஆசியாவில் தங்களுக்கு நேரிட்ட உபத்திரவத்தில் பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனதைக் கொரிந்தியருக்கு எழுதி, அதை நீங்கள் அறியாதிருக்க எங்களுக்கு மனதில்லை என்கிறார். நீங்கள் தளர்ந்திருக்கும்போது எங்களிடம் சொல்லுங்கள். விசுவாசிகள் இடறிப்போவார்கள் என்று பயப்படாதீர்கள். தளர்ந்துபோன போதகர் கர்த்தரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கிறவர்களுக்கு, தாங்கள் தளரும்போது என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். மோசேயைக் காலைமுதல் சாயங்காலம் மட்டும் தனியாய் உட்கார்ந்து நியாயம் விசாரிக்கக் கண்ட எத்திரோ, நீர் செய்கிற காரியம் நல்லதல்ல, நீரும் ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள் என்றார். மாமனார் சொன்னதை மோசே கேட்டார். மூப்பர்களே, இந்த வேலை உங்களுடையது. உங்கள் போதகருக்கு வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு கிடைக்கிறதா, அவர் யாரிடமாவது தன் பாரத்தைச் சொல்ல வழியிருக்கிறதா என்று பாருங்கள்.

நான் கேட்பவை பல, எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாது. தொடக்கமாக ஒன்று செய்யுங்கள். வருகிற ஞாயிறுகளில் ஒரு நாள், ஆராதனையில் 88ஆம் சங்கீதத்தை முழுவதுமாகச் சத்தமாய் வாசியுங்கள். கடைசி வசனத்தோடு நிறுத்துங்கள். உடனே ஒரு வெற்றிப் பாட்டைப் பாடி அதை மூடிவிடாதீர்கள். சில நிமிஷம் எல்லாரும் மௌனமாய் ஜெபிக்கட்டும். பிறகு, இந்த வார்த்தைகள் தேவைப்படுகிறவர்கள் ஆராதனை முடிந்ததும் என்னிடமோ மூப்பர்களிடமோ வாருங்கள், கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம் என்று அறிவியுங்கள். அன்று மத்தியானம் உங்களுக்கு வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரி,
சபையின் ஒரு விசுவாசி